பழைய டியூபிங்கைக் காந்தத்தால் சோதிப்பது எப்படி

எண்ணெய்க் கிணற்றிலிருந்து ஏற்றிய டியூபிங்கை (எண்ணெய் மேலே வரும் உள்குழாயை) முதலில் நன்றாகக் கழுவுங்கள். மெழுகும் துருவும் ஒட்டியிருந்தால் சென்சார் குழாயைவிட்டு விலகி நிற்கும், குழி இருந்தும் சிக்னல் சிறிதாகத்தான் தெரியும். அப்புறம், ஆழம் தெரிந்த குழிகள் போட்ட மாதிரிக் குழாயை ஓட்டி மெஷினைச் சரிபாருங்கள். அதே கனம், அதே விட்டம் உள்ள மாதிரி வேண்டும். ஷிஃப்ட் நடுவிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

மெஷினில் உள்ள மின்கம்பிச் சுருள் குழாயை நீளவாக்கில் காந்தமாக்கும். சுவர் மெலிந்த இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும், அதைத்தான் சென்சார் பிடிக்கிறது. ஆனால் பெரிய சிக்னல் என்றால் ஆழமான குழி என்று உடனே முடிவு கட்டாதீர்கள்; செங்குத்தான சின்னக் குழி, அகலமான ஆழக் குழியைவிடப் பெரிய சிக்னல் தரலாம். சந்தேகமான இடத்தை அல்ட்ராசோனிக் கேஜாலும் (மீயொலியால் சுவர்க் கனம் அளக்கும் கருவி) குழி அளக்கும் கேஜாலும் அளந்தே ஆகவேண்டும்.

பம்ப் ராடு (கிணற்றடி பம்பை இயக்கும் கம்பி) டியூபிங்கின் உட்புறத்தை உரசிய கிணறா? கூடுதல் கவனம் தேவை. உள்ளே நெடுக வழவழப்பாகத் தேய்ந்த பள்ளத்தில் கசிவு குறைவு, அதனால் சுவர்க் கனத்தைத் தனியாக அளக்கும் பகுதியும் மெஷினில் இருக்கட்டும். இரண்டு முனைகளையும் மெஷின் சரியாகப் பார்க்காது, மரையைக் கண்ணாலும் காந்தத் தூளாலும் பாருங்கள்.

ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) முறைப்படி குழாயில் அடிக்கும் நிறப் பட்டை: சுவர் இழப்பு 15% வரை மஞ்சள், 30% வரை நீலம், 50% வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. குழாயின் மிக மோசமான இடத்தை வைத்துத்தான் பட்டை அடிக்கவேண்டும், சராசரியை வைத்து அல்ல.