அம்மா இரவில் சாப்பிட மறுத்ததும் தீர்வும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இரவில் "பசியில்லை" என்று சாப்பிட மறுத்தார், சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் வியர்த்து நடுங்கினார். சோதித்தால் சர்க்கரை 70-க்கும் கீழே.

மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். நடுக்கம் நின்றது, சாப்பாடு திரும்பவில்லை. பிடித்ததைச் சமைத்தோம், சத்து மாவு கரைத்துக் கொடுத்தோம். அக்கா தினமும் தொலைபேசியில் கெஞ்சினாள். நானும் மனைவியும் வேலையிலிருந்து வந்து ஒன்பதரை மணிக்கு அவரை உட்கார வைத்துப் பரிமாறினோம். தட்டு அப்படியே இருந்தது.

ஏழரை மணியானால் அம்மா அடுக்களை வாசலில் போய் நிற்பதை மனைவிதான் கவனித்தாள். ஊரில் அப்பா சாப்பிடும் நேரம் அது. அவருக்குப் பரிமாறிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து அம்மாவும் சாப்பிடுவார். பரிமாறாமல் அம்மா சாப்பிட்டதே இல்லை.

மகனின் டியூஷனை ஆறு மணிக்கு மாற்றினோம். ஏழரைக்கு அவனுக்குப் பரிமாறும் பொறுப்பு பாட்டிக்கு. முதல் நாளே இரண்டு இட்லி சாப்பிட்டார். மனம் லேசானது. இப்போது மூன்று; காலைச் சர்க்கரையும் நூறுக்கு மேல் நிற்கிறது. மாத்திரை அளவை மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும்.