பழைய ஃபேரி பாய்மரப் படகு வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரிட்டனில் பழைய பந்தயப் பாய்மரப் படகு ஒன்றை மலிவாக வாங்கிச் சரிசெய்து ஓட்டலாம் என்று தேட ஆரம்பித்தால், ஃபேரி மரீன் கட்டிய ஃபயர்ஃப்ளை எப்படியும் கண்ணில் படும். 12 அடி நீளம், இரண்டு பேர் ஓட்டுவது, உஃபா ஃபாக்ஸ் வடிவமைத்தது, 1946-இல் வந்தது. இரண்டு பேர் படகாக இருந்தும், 1948 ஒலிம்பிக்கில் ஒற்றையாள் போட்டிக்கு இதைத்தான் வைத்தார்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்க்கீ கடலில் நடந்த அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த பால் எல்வ்ஸ்ட்ரோம், அப்போது அவருக்கு 20 வயது. அவ்வளவு பேர் பெற்ற படகு இன்று பல ஊர்களில் தார்ப்பாய்க்கு அடியில் மட்கிக்கொண்டிருக்கிறது. வாங்கிக் காப்பாற்ற வருகிறவர்களும் சில சமயம் அதன் ஆயுளைக் குறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பெரிய தவறு, இதைச் சாதாரண பிளைவுட் படகு என்று நினைப்பது. ஃபேரி அடிப்படையில் விமானக் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிந்து விமான ஆர்டர்கள் குறைந்தபோது, தென் இங்கிலாந்தின் ஹாம்பிளில் படகு கட்ட இறங்கினார்கள். மெல்லிய மர வெனீர்களை அச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பசை தடவி அடுக்கி, ரப்பர் உறை போட்டுக் காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய அழுத்த அடுப்புக்குள் தள்ளிச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைப்பார்கள். வெளியே வரும்போது படகின் உடல் முழுவதும் ஒரே ஓடாக இருக்கும், நடுவில் ஒரு பலகை இணைப்பும் கிடையாது. அதனால்தான் எண்பது வயதை நெருங்கும் ஃபயர்ஃப்ளைகள்கூட இன்னும் தண்ணீரில் இருக்கின்றன. இதோடு ஒப்பிட மிரரைப் பாருங்கள். மிரர் என்ற சின்னப் படகு 1963 முதல், வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் கிட் வடிவில் விற்பனையாகி சுமார் 70,000 வரை கட்டப்பட்டது. அதில் தட்டையான பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் கண்ணாடி நார் நாடாவும் ரெசினும் பூசுவார்கள். மிரரில் ஒரு பலகை கெட்டால் அதை அறுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். ஃபேரி ஓட்டில் அப்படிச் செய்ய முடியாது. கெட்ட இடத்தை மட்டும் அடுக்கடுக்காகச் சரிவாகச் செதுக்கி, அதே திசையில் புது வெனீரை எபாக்ஸிப் பசையால் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான்.

இதைச் செய்யச் சோம்பல்பட்டு, வெளிப்பக்கம் முழுவதும் கண்ணாடித் துணி விரித்து பாலியெஸ்டர் ரெசின் பூசிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாலியெஸ்டர் மரத்தை நெடுநாள் பிடித்துக்கொண்டிருக்காது, எங்காவது ஒரு மூலையில் பிரியும், அந்த வழியாகப் போன ஈரம் வெளியே வர இடமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து மரத்தை அரிக்கும், கூடவே படகின் எடையும் ஏறிவிடும்.

அப்புறம் மெஷின் வைத்துத் தேய்ப்பது. மேல் அடுக்கு வெனீர் ரொம்ப மெல்லியது, சாண்டர் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே அடுத்த அடுக்கின் குறுக்கு ரேகை தெரிந்துவிடும், அதை வார்னிஷால் மறைக்க முடியாது. கைச்சுரண்டி போதும்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகையான சென்டர்போர்டின் பெட்டி அடிப்பக்கத்தோடு சேருமிடத்தில் மரம் கறுத்துப்போயிருக்கும். பாய்மரம் ஊன்றும் இடம், பின்பலகையின் கீழ் மூலைகள், மிதவைப் பைகளைக் கட்டியிருக்கும் இடம், மேல் விளிம்புச் சட்டத்தின் அடிப்பக்கம், இங்கெல்லாம் விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். இன்னொன்று, ஃபேரி வெறும் ஓடு மட்டும் வார்த்துக் கொடுக்க, மேல்தளம், பெட்டி, இருக்கை எல்லாவற்றையும் வேறு பட்டறைகளோ வாங்கியவரோ போட்ட படகுகளும் உண்டு. ஆல்பகோர், 505 மாதிரி பந்தயப் படகு வகைகளில் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஓட்டில் குறை இல்லாவிட்டாலும், உள்வேலை எப்படியும் இருக்கலாம்.

“கட்டின கம்பெனியே போச்சு, இனி பாகம் எங்கே கிடைக்கும்” என்று ஒதுக்குவதும் தவறு. ஃபேரி சின்னப் படகுகளை ஏன் விட்டது என்று கேட்டால் ஃபைபர் கிளாஸ் வந்ததால் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் உண்மை. எல்லாப் படகும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்று விதி உள்ள வகையில், பத்து வருடப் பழைய படகும் புதுப்படகை ஜெயிக்கும். இத்தனை உறுதியாகக் கட்டினால் புதிது வாங்க யார் வருவார்கள்? கம்பெனியும் ஹன்ட்ரஸ், ஹன்ட்ஸ்மன் என்று மோட்டார் படகுகள் பக்கம் சாய்ந்தது, 1977-இல் தாய்க் குழுமமே கடனில் சிக்கி, கடன்காரர்களுக்காகச் சொத்தை நிர்வகிக்கும் ரிசீவர் கைக்குப் போனது. ஆனால் எந்த விதி புதுப்படகின் விற்பனையைக் குறைத்ததோ, அதே விதி பழைய படகுக்கு உயிர் கொடுக்கிறது. ஃபயர்ஃப்ளை இன்று ஃபைபர் கிளாஸில் அதே வடிவத்தில் கட்டப்படுகிறது, பாய்க்கும் சுக்கானுக்கும் அலைய வேண்டியதில்லை.

அதனால்தான், அந்த விதிக்கு உட்பட்டது என்று காட்டும் அளவுச் சான்றிதழ் இல்லாத படகை வாங்காதீர்கள் என்கிறேன். படகின் எண்ணைப் பார்த்து, அந்த வகைக்கான சங்கத்திடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். லேசர் என்ற ஒற்றையாள் பந்தயப் படகு வகையில் என்ன நடந்தது என்று பாருங்கள்: 2019-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கட்டிவந்த நிறுவனத்தோடு சங்கம் உறவை முறித்தது, லேசர் என்ற பெயரே வேறு கையில் இருந்ததால் படகு, சங்கத்தின் பெயர்ச் சுருக்கமான ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாறியது. யார் கட்டியது, எந்த வருடம், என்ன முத்திரை என்பதைக் கவனிக்காமல் வாங்கினால் பந்தயத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாங்கியாயிற்றா? புது பந்தயப் படகுக்குக் கொடுக்கிற இறுக்கத்தைப் பழைய உடலில் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளுக்குக் கொடுக்காதீர்கள், பாய்மரம் அடியை அழுத்த, பக்கக் கம்பிகள் விளிம்பை இழுக்க, இணைப்புகள் வாய் பிளக்கும். டிராலியில் அடித்தண்டின் மேல்தான் எடை உட்கார வேண்டும், மெல்லிய ஓட்டின் மேல் அல்ல. குளிர்காலத்தில் வடிகால் அடைப்பான்களைக் கழற்றிவிட்டு, படகை முன்பக்கம் தூக்கி வைத்து, உறைக்கு அடியில் காற்று போய்வர இடம் விடுங்கள்.