கடைசி இடங்களுக்கு யார் தகுதி? பபிள் அணிகளைப் பற்றி முறையாக வாதிடும் வழி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாத ஆடவர் தொடரில், 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி, 68 அணிகள் ஆடுகின்றன. அவற்றுள் 31 அணிகள் தத்தம் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) தொடரை வென்று நேரடியாக நுழைந்தன. எஞ்சிய 37 இடங்களைக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தேர்வுக் குழு நிரப்பியது. அந்த 37 இடங்களில் முக்கால்வாசியைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. கடைசியில் மிஞ்சும் சில இடங்களுக்கு அவற்றைப் போல் இருமடங்கு அணிகள் காத்து நிற்கும்போதுதான் வாதம் சூடு பிடிக்கிறது. உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் எல்லைக்கோட்டில் நிற்கும் அந்த அணிகளைத்தான் பபிள் அணிகள் என்கிறார்கள்.

இந்த வாதம் வெறும் பொழுதுபோக்கு அன்று. தொடரில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டமும், இறுதி ஆட்டம் நீங்கலாக, அதன் கான்ஃபரன்ஸுக்கு ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலரைப் பெற்றுத் தருகிறது. பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு அந்த அழைப்பு இனி ஒருபோதும் திரும்பி வராதது. ஆகவே ஓர் அணிக்காகப் பேசுகிறவர் பொறுப்போடு பேச வேண்டும்.

முதலில் கேள்வியைச் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். "இது நல்ல அணியா?" என்று கேட்டால் எல்லா பபிள் அணிக்கும் "ஆம்" என்று பதில் சொல்லிவிடலாம். "இந்த அணி உள்ளே வந்தால் எந்த அணி வெளியே போக வேண்டும், ஏன்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வெளியேற்ற வேண்டிய அணியின் பெயரைச் சொல்லாதவர் இன்னும் வாதத்தைத் தொடங்கவே இல்லை. தேர்வுக் குழுவின் நடைமுறையும் ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டதுதான்: கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர்களும் கான்ஃபரன்ஸ் ஆணையர்களுமாகப் 12 பேர் கொண்ட அந்தக் குழு, எட்டு அணிகளை எடுத்து வரிசைப்படுத்தி, முதல் நான்கை உள்ளே சேர்த்து, மற்ற நான்கை அடுத்த சுற்றுக்கு நிறுத்தி வைக்கிறது. தனியாக நிறுத்திப் பார்த்து எந்த அணியையும் தேர்ந்தெடுப்பதில்லை.

அடுத்து, குழுவின் கையில் இருக்கும் தாளை நீங்களும் வாசிக்கப் பழக வேண்டும். டீம் ஷீட் எனப்படும் அந்த ஒற்றைப் பக்கத்தில் ஓர் அணியின் எல்லா ஆட்டங்களும் நான்கு குவாட்ரன்ட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிரிவுக்கு அடிப்படை, 2018-19 சீசனில் பழைய ஆர்.பி.ஐ. தரவரிசைக்குப் பதிலாக வந்த, எல்லா அணிகளையும் வரிசைப்படுத்தும் என்.சி.ஏ.ஏ.வின் நெட் தரவரிசை. சொந்த அரங்கில் முதல் 30 இடங்களுக்குள் உள்ள அணியோடும், பொது அரங்கில் (இரு அணிக்கும் சொந்தமல்லாத அரங்கில்) முதல் 50-க்குள் உள்ள அணியோடும், எதிரணியின் அரங்கில் முதல் 75-க்குள் உள்ள அணியோடும் ஆடிய ஆட்டங்கள் முதல் குவாட்ரன்ட்டில் வரும். இரண்டாவதன் எல்லைகள் முறையே 75, 100, 135. மூன்றாவதன் எல்லைகள் 160, 200, 240. அதற்கும் கீழே உள்ளவை நான்காவது.

இந்தப் பிரிவு பயனுள்ளது. ஆனால் அதன் கோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சொந்த அரங்கில் 30-ஆம் இடத்து அணியை வென்றால் முதல் குவாட்ரன்ட், 31-ஆம் இடத்து அணியை வென்றால் இரண்டாவது. இரண்டு வெற்றிகளுக்கும் உண்மையில் வேறுபாடு இல்லை. நவம்பரில் வென்ற எதிரணி பிப்ரவரியில் சரிந்தால் உங்கள் வெற்றியின் மதிப்பும் உங்களைக் கேட்காமலே மாறிவிடும். ஆகவே "முதல் குவாட்ரன்ட்டில் ஆறு வெற்றி" என்று எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த ஆறும் யார்மீது, எந்த அரங்கில் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நெட் தரவரிசையில் முதலிடத்து அணியை அதன் அரங்கிலேயே வெல்வதும் 74-ஆம் இடத்து அணியை அதன் அரங்கில் வெல்வதும் தாளில் ஒரே கட்டத்தில்தான் நிற்கும்.

தாளில் வேறு அளவுகோல்களும் உண்டு. அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கென்பாம், பி.பி.ஐ., டோர்விக் ஆகியவை ஓர் அணி இனி எப்படி ஆடக்கூடும் என்று கணிப்பவை. 20 புள்ளி வித்தியாசத்தில் வென்றால் 2 புள்ளியில் வென்றதைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம். கே.பி.ஐ., ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்ட், 2024-25 சீசனில் தாளில் சேர்க்கப்பட்ட வின்ஸ் அபவ் பபிள் ஆகியவை அந்த அணி இதுவரை என்ன சாதித்தது என்று அளப்பவை. வெற்றி தோல்விக்கே அவற்றில் முதன்மை. வாதத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் முறைகேடு, நமக்குப் பிடித்த அணிக்கு ஒருவகை அளவுகோலையும் எதிரணிக்கு இன்னொரு வகையையும் எடுப்பதுதான். ஒன்றைத் தேர்ந்து, இரண்டு அணிக்கும் அதையே வையுங்கள். என் தேர்வு சாதனையை அளப்பவை. அழைப்பு என்பது ஆடி முடித்த ஆட்டங்களுக்கான கூலி. எதிர்பார்ப்புக்கு முன்பணம் கொடுக்கும் இடம் அது அன்று.

வின்ஸ் அபவ் பபிள் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கையாலேயே தோராயமாகக் கணக்கிடலாம். இதே அட்டவணையைச் சராசரி பபிள் அணி ஒன்று ஆடியிருந்தால் எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்கும், நம் அணி அதைவிட எத்தனை கூடுதலாக வென்றது என்பதே அதன் சாரம். பலம் வாய்ந்த அணியின் அரங்கில் சராசரி பபிள் அணிக்கு நூற்றுக்கு 20 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அங்கே வென்றால் 0.8 கூடும், தோற்றால் 0.2 மட்டுமே குறையும். சொந்த அரங்கில் பலவீனமான அணியோடு நூற்றுக்கு 95 வாய்ப்பு என்றால், வெற்றிக்கு 0.05-தான் கிடைக்கும்; தோல்வியோ 0.95-ஐப் பறித்துவிடும். கடினமான ஆட்டங்களில் தோற்றவரை அடியோடு தண்டிக்காமலும், எளிய வெற்றிகளைக் குவித்தவருக்கு வாரி வழங்காமலும் இது நடுவில் நிற்கிறது.

2025-ஆம் ஆண்டின் பெரிய சர்ச்சையை இந்த முறையில் பார்ப்போம். நார்த் கரோலினா 22 வெற்றி, 13 தோல்வியோடு கடைசி நான்கு இடங்களில் ஒன்றைப் பெற்றது. முதல் குவாட்ரன்ட்டில் அது ஆடிய 13 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தது; அதுவும் நியூயார்க்கில் பொது அரங்கில் யு.சி.எல்.ஏ.வோடு. 19 வெற்றி, 13 தோல்வி கண்ட வெஸ்ட் வர்ஜீனியா வெளியே நின்றது. முதல் குவாட்ரன்ட்டில் அதற்கு 6 வெற்றி, 10 தோல்வி. கொன்சாகாவையும் அரிசோனாவையும் பஹாமாஸில் வென்றதும், கன்சாஸை அதன் சொந்த அரங்கிலேயே 62-61 என்று வீழ்த்தியதும் அந்த ஆறில் அடங்கும்.

முதலில் பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் எழுதுங்கள். முதல் அணி கடினமான (முதல் குவாட்ரன்ட்) ஆட்டங்களில் 1-12, அதாவது ஒரு வெற்றி, 12 தோல்வி; மற்றவற்றில் 21-1. இரண்டாவது அணி கடினமானவற்றில் 6-10, மற்றவற்றில் 13-3. இப்படி எழுதியவுடனேயே, 1-12 என்ற எண்ணை மட்டும் கூவுகிறவர் மற்ற 22 ஆட்டங்களை மறைக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். இனி, கடினமான ஆட்டத்தில் சராசரி பபிள் அணிக்கு நூற்றுக்கு 25 வாய்ப்பு, மற்றவற்றில் 80 வாய்ப்பு என்று கொள்வோம். முதல் அணியின் அட்டவணையில் அதற்கு ஏறக்குறைய 21 வெற்றி கிடைத்திருக்கும். ஆக முதல் அணி ஒரு வெற்றி கூடுதல். இரண்டாவது அணியின் அட்டவணையில் ஏறக்குறைய 17. ஆக அது இரண்டு வெற்றி கூடுதல்.

இது கரடுமுரடான கணக்கு என்பதை மறைக்கக் கூடாது. உண்மையான அளவுகோல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனி வாய்ப்பைக் கணக்கிடும். நார்த் கரோலினா ட்யூக்கோடு மூன்று முறையும், ஆபர்ன், ஃபுளோரிடா, அலபாமா, கன்சாஸ், மிஷிகன் ஸ்டேட் ஆகியவற்றோடு ஒரு முறையும் ஆடியது. அந்த ஆட்டங்களில் சராசரி பபிள் அணியின் வாய்ப்பு நூற்றுக்கு 25-ஐவிடக் குறைவு. அதைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். சுருங்கிய பின்னும் நான் வெஸ்ட் வர்ஜீனியாவையே எடுத்திருப்பேன். சமநிலைக்கு அருகில் வந்த இரண்டு அணிகளில், இந்தத் தொடரில் எதிர்ப்படக்கூடிய தரத்திலான அணிகளை ஆறு முறை வீழ்த்திக் காட்டியது ஒன்றுதான். மறுபக்கம் சொல்லக்கூடிய நல்ல வாதம் இரண்டு: பிக் 12 கான்ஃபரன்ஸ் தொடரின் முதல் ஆட்டத்திலேயே அது கடைசி இடத்து கொலராடோவிடம் தோற்றது, முக்கிய வீரர் டக்கர் டிவ்ரீஸ் காயத்தால் டிசம்பர் தொடக்கத்திலிருந்தே ஆடவில்லை. குழு காயங்களைக் கணக்கில் எடுக்கலாம் என்பது விதி. ஆனால் கன்சாஸ்மீதும் அயோவா ஸ்டேட்மீதும் பெற்ற வெற்றிகள் அவர் இல்லாமல் வந்தவை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

அவ்வாண்டு குழுவின் தலைவர் நார்த் கரோலினாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் என்பது கோபத்தை அதிகமாக்கியது; வெஸ்ட் வர்ஜீனியா ஆளுநர் செய்தியாளர் கூட்டமே நடத்தினார். உறுப்பினர் தம் கல்லூரியைப் பற்றிய விவாதத்தின்போது அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி, அவர் வெளியேறினார். அதற்கு மேல் சந்தேகத்தை வளர்ப்பது வாதத்துக்கு உதவாது. தாளில் இருப்பதே வலுவாக இருக்கும்போது நோக்கத்தைக் குறைசொல்லத் தேவையும் இல்லை.

அட்டவணையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நியாயம் மிக எளிதில் தவறுவது இங்கேதான். 2019-இல் நார்த் கரோலினா ஸ்டேட் நெட் தரவரிசையில் 33-ஆம் இடத்தில் இருந்தும் அழைப்புப் பெறவில்லை. கான்ஃபரன்ஸுக்கு வெளியே அது ஏற்பாடு செய்துகொண்ட ஆட்டங்களின் கடினம், நாட்டின் 353 அணிகளில் 353-ஆவது இடத்தில் இருந்தது. பெரிய கான்ஃபரன்ஸ் அணி தன் விருப்பப்படி எளிய எதிரிகளைத் தேர்ந்துகொண்டதற்கு அந்தத் தண்டனை பொருத்தம்.

2024-இல் இண்டியானா ஸ்டேட்டுக்கு நேர்ந்ததை அதே கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை. 28 வெற்றி, 6 தோல்வி, நெட் தரவரிசையில் 29-ஆம் இடம். நெட் முறை வந்ததிலிருந்து அதுவரை அவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்த எந்த அணியும் விடப்பட்டதில்லை. மிசூரி வேலி கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றது அதன் கதவை மூடியது. கடினமான ஆட்டங்கள் குறைவு என்பதுதான் அதன்மீது வைக்கப்பட்ட குறை. ஆனால் அதன் கான்ஃபரன்ஸில் அத்தகைய ஆட்டங்கள் கிடைப்பதே அரிது; வெளியே தேடினால், தோற்கும் ஆபத்துள்ள இத்தகைய சிறிய கல்லூரியோடு ஆடப் பெரிய கல்லூரிகள் எளிதில் முன்வருவதில்லை. எனவே எதிர்கொண்டு தோற்றவரையும் வாய்ப்பே கிடைக்காதவரையும் பிரித்துப் பேசுங்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட அணியிடம், கிடைத்த ஆட்டங்களில் என்ன செய்தது என்று மட்டுமே கேட்க முடியும். அதே ஆண்டில் 23-10 என்ற கணக்கோடும் நெட் தரவரிசையில் 54-ஆம் இடத்தோடும் வர்ஜீனியா உள்ளே வந்தது. அந்த இடம் இண்டியானா ஸ்டேட்டுக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே ஒரு கவனம். வர்ஜீனியா டேட்டன் நகரில் நடந்த முதற்கட்ட ஆட்டத்தில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றதை மேற்படி கருத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. விடப்பட்ட இண்டியானா ஸ்டேட்டும் சீட்டன் ஹாலும், அழைப்புப் பெறாத அணிகள் ஆடும் என்.ஐ.டி. தொடரின் இறுதிவரை போனதும் அப்படியே. பட்டியல் அறிவிக்கப்படும் தேர்வு ஞாயிறு மாலை குழுவுக்குத் தெரிந்தது எதுவோ அதை வைத்தே தீர்ப்பு. 2011-இல் வி.சி.யு. தேர்வானபோது தொலைக்காட்சி விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அந்த அணி டேட்டனிலிருந்து தொடங்கி ஐந்து ஆட்டங்கள் வென்று இறுதி நால்வரில் ஒன்றானது. அது அற்புதமான ஓட்டம். ஆனால் அந்த ஓட்டம் தேர்வைச் சரியாக்கவில்லை, தவறாக்கவும் இல்லை. நார்த் கரோலினா 2025-இல் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று நொறுக்கியதையும் நான் என் கருத்துக்கு எதிரான சான்றாக ஏற்காதது இதனால்தான்.

வேறு சில வாதங்களைச் சீக்கிரமாகவே ஒதுக்கிவிடலாம். "கடைசிப் பத்து ஆட்டங்களில் சூடாக இருக்கிறது" என்பது இன்று குழுவின் அளவுகோல் அன்று. நவம்பர் வெற்றிக்கும் மார்ச் வெற்றிக்கும் ஒரே எடை. "ஒரே கான்ஃபரன்ஸுக்கு இத்தனை இடமா?" என்பதும் செல்லாது, வரம்பு ஏதும் இல்லை, 2025-இல் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸிலிருந்து மட்டும் 14 அணிகள் வந்தன. புகழ்பெற்ற பெயர், பழைய கோப்பைகள், ரசிகர் கூட்டம் ஆகியவை தாளில் இல்லை.

கடைசியாக, வரிசையைப் பென்சிலால் எழுதுங்கள். கான்ஃபரன்ஸ் தொடர்களில் எதிர்பாராத அணி கோப்பையை வென்றால், அங்கே தோற்ற பலமான அணி குழு நிரப்பும் இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வதால், பபிளில் ஓர் இடம் காணாமல் போகும். 2024-இல் ஆரெகன், நார்த் கரோலினா ஸ்டேட், நியூ மெக்சிகோ, டியூகேன், யு.ஏ.பி. என ஐந்து அணிகள் அப்படி நுழைந்தன; சனிக்கிழமை காலையில் பாதுகாப்பாகத் தெரிந்த அணிகள் ஞாயிறன்று வெளியே நின்றன. ஆகவே கடைசி நான்கு இடங்களுக்கு மேலே உள்ள அணிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஓர் இடம் பறிபோனால் யார் முதலில் இறங்க வேண்டும், இரண்டு பறிபோனால் யார் என்று வெள்ளிக்கிழமை இரவுக்குள் காரணத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகல் கடைசி இறுதியாட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சிந்திக்க நேரம் இருக்காது.