நாய் காளானைத் தின்றுவிட்டதா? உடனே செய்ய வேண்டியவை

மழை விட்ட மறுநாள் காலை எங்கள் நாய் கருப்பன் புல்தரையில் எதையோ மென்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாயில் வெள்ளையாக ஒரு துணுக்கு, காளான். அன்று நான் செய்ததில் பாதி சரி, பாதி தவறு, இரண்டையும் சொல்கிறேன்.

வாயில் மிச்சம் இருந்தால் விரலால் வழித்தெடுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம் மாதிரி எடுப்பது. நான் தவறியது இங்கேதான். அவசரத்தில் குடையை மட்டும் கிள்ளி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனேன். பையைத் திறந்தபோது அது வியர்த்துக் கொழகொழவென்று ஆகியிருந்தது, அடிப்பகுதியும் இல்லை, எந்தக் காளான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அமனிட்டா என்ற காளான் இனத்தின் கொடிய வகைகளில் தண்டின் அடியில் பை போன்ற உறை ஒன்று மண்ணுக்குள் புதைந்திருக்கும், அடையாளம் காண அது முக்கியம். அதனால் பழைய கரண்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். காகித உறைதான் சரி, பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். குடையின் மேல்பக்கம், அடியிலுள்ள மடிப்புகள், தண்டு, அடிப்பகுதி, முளைத்திருந்த இடம் எல்லாவற்றையும் படமெடுங்கள். நாய் வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரைப் பறிக்கலாம். வாந்தி எடுக்க வைப்பதா, நஞ்சை உறிஞ்சும் கரி மருந்து கொடுப்பதா என்பதையெல்லாம் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சரி, ஏன் காத்திருக்கக் கூடாது? சில காளான்கள் 2 மணி நேரத்துக்குள்ளேயே காட்டிவிடும்: எச்சில் ஒழுகும், கண்ணீர் வழியும், வயிற்றால் போகும், நடை தள்ளாடும். ஆனால் கல்லீரலை அழிக்கும் அமனிட்டா வகையில் பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வந்து, தேறிவிட்டது போலவும் தெரியும், அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் மருத்துவர் அடுத்த இரண்டு நாளும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால், நாய் துள்ளிக் குதித்தாலும் கூட்டிப் போங்கள். கருப்பனுக்கு இரண்டு முறை எடுத்தோம், இரண்டும் நல்லபடியாக வந்தன.

பின்சேர்க்கை: ஃபோன் செயலியில் படமெடுத்துப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. உண்ணக்கூடியதும் நச்சுள்ளதும் குடையைப் பார்த்தால் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும், செயலி சொன்னதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பிடுங்கிப் போட்டாலும் மண்ணுக்குள் பூஞ்சை இழைகள் இருப்பதால் காளான் திரும்ப முளைக்கும். மழை நாட்களில் கருப்பனை அவிழ்த்துவிடும் முன் தினமும் ஒரு சுற்று நடந்து, முளைத்ததை எல்லாம் அதே கரண்டியால் தோண்டி எடுத்துவிடுகிறேன்.