நீலகிரிப் புல்மேட்டில் சண்டைக் காட்சியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சினிமா லொகேஷன் பார்க்க ஊட்டிக்கு வரும் புது மேனேஜர்கள், எங்கள் காலத்து யூனிட்கள் பட்ட பாட்டையே திரும்பவும் படுகிறார்கள். ஸ்வெட்டர், தார்ப்பாய் விஷயமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

புல்வெளியைப் பொட்டல் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். ஜெய்சல்மர் மணலில் ஜீப் துரத்தல் எடுத்தவர்கள், பைக்காரா பக்கத்துப் புல்மேட்டைக் கண்டதும் அதையே இங்கே வைக்கச் சொல்கிறார்கள். அங்கே டயர் தடத்தைக் காற்று மூடிவிடும். இங்கே புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கிழித்தால் அடுத்த மழையில் தடமே வாய்க்காலாகிவிடும்.

மேடுகளுக்கு நடுவே சமமாக, பச்சையாகத் தெரியும் பள்ளம் இன்னும் மோசம். மேலே புல், கீழே கறுத்த சதுப்பு. மழைநீரைத் தேக்கி வைத்து, கோடையிலும் ஓடைக்குக் கசியவிடுவது அதுதான்.

அப்படி ஒரு பள்ளத்தின் குறுக்கே ஒரு யூனிட் ஜெனரேட்டர் வண்டியை விட்டது. "தரை கெட்டியாத்தான் சார் இருக்கு" என்றார் மேனேஜர். ஆள் நடக்கக் கெட்டிதான். வண்டி அச்சுவரை இறங்கியது. இழுக்க வந்த டிராக்டரும் மாட்டிக்கொண்டது. வெளிச்சம் போச்சு, ஸ்டண்ட் ஆட்களின் கால்ஷீட் போச்சு, அப்புறம் அபராதம் வேறு. அது தோடர்களின் எருமைகள் மேயும் இடம். அடுத்த வருஷமும் அந்தத் தடத்தில் புல் வரவில்லை.

வெள்ளைக்காரர்களும் இந்தப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலமாகப் பார்த்துத்தான் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். சீகை பரவிப் புல்லைத் தின்றுகொண்டே இருக்கிறது. மிச்சம் இருப்பதையாவது விட்டு வையுங்கள்.

வண்டி தார்ரோட்டிலேயே நிற்கட்டும். நீளமான கேபிள் வாடகைக்கு எடுத்து ஆட்களை வைத்து இழுங்கள். துரத்தல் காட்சிக்கு, லாரி ஓடிப் பழகிய எஸ்டேட் மண்பாதையைக் கேளுங்கள்.

ஒரே அனுமதி போதும் என்பது

போதாது. ஊட்டி பக்கத்துப் புல்மேடான வென்லாக் டவுன்ஸ் காப்புக்காடு; வனத்துறையிடம் தனியாக வாங்க வேண்டும்.

வெலிங்டன் பக்கம் ட்ரோன்

பறக்க விடாதீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம், முப்படை அதிகாரிகளின் கல்லூரி, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. ராணுவ உடுப்புப் போட்ட துணை நடிகர்களைப் போலித் துப்பாக்கியோடு டீக்கடைக்கும் அனுப்பாதீர்கள்.

வெடி, புகை

உறைபனியில் புல் கருகி நிற்கும் ஜனவரி முதல் மார்ச் வரை வேண்டவே வேண்டாம்.

இ-பாஸ்

நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் இந்த அனுமதி 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளியூர் வண்டி ஒவ்வொன்றுக்கும் எடுங்கள், கேரவனுக்கும் சேர்த்து.