பல கிளைக் கடையில் வேலைக்குச் சேர்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவை

ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் கிளைகளை நடத்தும் கடை நிறுவனத்தில் வேலை பார்ப்பது, முதலாளியே கல்லாவில் அமர்ந்திருக்கும் தனிக்கடை வேலையைப் போன்றதும் அன்று, நாடு முழுவதும் கிளை பரப்பிய பெருநிறுவன வேலையைப் போன்றதும் அன்று. தனிக்கடையில் முதலாளியின் நினைவே கணக்கு. பெருநிறுவனத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த விதி உண்டு. வட்டார நிறுவனத்திலோ பில்லும் ஸ்டாக்கும் கணினியில் ஓட, விடுப்பு, கிளை மாற்றம், பற்றாக்குறைப் பிடித்தம் போன்றவை பெரும்பாலும் மேலாளரின் வாய்மொழியிலேயே நடக்கின்றன. வாயால் சொல்லப்படுவதைப் பதிவாக்கிக்கொள்ளப் பழகியவருக்கு இந்த வேலை நிம்மதியாக அமையும். பழகாதவர் தாம் செய்யாத தவறுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே, சேருமுன்பே சிலவற்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தால் அது சம்பளத்தில் பிடிக்கப்படுமா, ஸ்டாக் குறைந்தால் அந்தப் பகுதி ஊழியர் அனைவரிடமும் பங்கிட்டு வசூலிக்கப்படுமா, வேறு கிளைக்கு அனுப்பினால் பயணச் செலவு யாருடையது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்கத் தயங்கக் கூடாது. வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கும்போது கடை மூடும் நேரத்தைக் கேட்டுப் பயனில்லை. ஷட்டர் இறங்கிய பிறகு கணக்கு முடித்து, ரேக் நிரப்பி, ஊழியர்கள் வழக்கமாக வெளியேறும் நேரத்தைக் கேளுங்கள். அந்த இடைவெளிக்கு ஊதியம் உண்டா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பில்லிங் கவுண்டரில் அமர்த்தப்பட்டால், தொடக்கச் சில்லறையை ஒப்படைப்பவரின் முன்னிலையிலேயே எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே முதல் பில்லைப் போடுங்கள். உங்கள் கடவுச்சொல்லில் வேறொருவர் பில் போட அனுமதிக்காதீர்கள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டு எழுங்கள். நெருங்கிய தோழரிடம் இதைச் சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் இரவில் கணக்கு உதைக்கும்போது கணினி காட்டுவது உங்கள் பெயரைத்தான். வாடிக்கையாளர் கொடுத்த பெரிய நோட்டை உடனே டிராயருக்குள் போடாமல், மீதிச் சில்லறையைக் கொடுத்து முடிக்கும்வரை வெளியே கண்ணில் படும்படி வையுங்கள். சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இன்னொரு நோட்டை நீட்டி மாற்றித் தரச் சொன்னால், முதல் கணக்கை முடித்து டிராயரை மூடிய பிறகே இரண்டாவதைத் தொடுங்கள். பேச்சில் குழப்பிப் பணம் பறிப்பவர்கள் காலங்காலமாகக் கையாளும் உத்தி இது. பில்லை ரத்து செய்ய வேண்டியிருந்தால், காரணத்தை அந்த பில்லின் பின்புறத்தில் எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தை அப்போதே வாங்கிவிடுங்கள்.

பார்கோடைப் பற்றி ஊழியர்கள் கொஞ்சம் கூடுதலாகவே அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று எல்லாக் கடைகளிலும் கேட்கும் அந்த ‘பீப்’ ஒலியின் வரலாறு தொடங்கியதே ஒரு வட்டார நிறுவனத்தில்தான்: 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், மார்ஷ் என்னும் சூப்பர் மார்க்கெட் கிளையில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக இவ்வாறு ஸ்கேன் செய்யப்பட்டது. இப்போது பரவலாக உள்ள 13 இலக்கக் குறியீட்டில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. எண்ணைக் கையால் தட்டும்போது ஓர் இலக்கம் பிழைத்தாலும் கணினி ஏற்க மறுப்பது அதனால்தான். முதல் மூன்று இலக்கங்கள் பொருள் தயாரான நாட்டைக் குறிப்பதாகப் பலரும் வாடிக்கையாளரிடம் சொல்கிறார்கள். அது தவறு, எந்த நாட்டு அமைப்பு அந்த எண்ணை வழங்கியது என்பதை மட்டுமே அவை காட்டும். 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் 13 இலக்க எண், கடை தன் உள்பயன்பாட்டுக்கு அச்சிட்டுக்கொள்வது. எடை போட்டு ஒட்டும் லேபிள்களில் எடையோ விலையோ அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கும். எனவே, தராசில் பழைய விலை தங்கிவிட்டால் அந்தப் பிழை லேபிள் வழியே கவுண்டருக்கும் வந்துவிடக்கூடும். காலையில் தராசின் விலையைக் கணினி விலையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கவுண்டரில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு குறுக்குவழியையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஆறு சோப்பு எடுத்து வருகிறார்: மூன்று ரோஜா, இரண்டு சந்தனம், ஒன்று வேம்பு. விலை ஒன்றுதானே என்று ரோஜா சோப்பை ஒருமுறை ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் ஆறு என்று தட்டிவிடுகிறார் பில் போடுபவர். வரிசை வேகமாக நகர்கிறது, பணமும் சரியாக வந்துவிடுகிறது. ஆனால், கணினியில் ரோஜா இருப்பு மூன்று கூடுதலாகக் குறைந்துவிட்டது. சந்தனத்தில் இரண்டும் வேம்பில் ஒன்றும் இல்லாத இருப்பாக நிற்கின்றன. இப்படியே சில வாரங்கள் போனால், ரேக்கில் வேம்பு சோப்பு காலியாகிக் கிடக்கும்போது தலைமை அலுவலகத்தின் திரை ‘கையிருப்பு உண்டு’ என்று காட்டும். தானியங்கி ஆர்டர் வராது, கேட்டு வருபவர் வெறுங்கையுடன் திரும்புவார், ஆடிட்டின்போது அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் தலையில் பழி விழும். நிறம், மணம், அளவு எது வேறுபட்டாலும் தனித்தனியாக ஸ்கேன் செய்யுங்கள். வரிசையில் நிற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரக்கு இறங்கும் நேரமே பின்னாளில் வரும் பல சண்டைகளின் பிறப்பிடம். வண்டி ஓட்டுநர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பெட்டிகளை எண்ணி, சீல் உடைந்ததையும் நசுங்கியதையும் தனியே எடுத்து வைத்து, குறைபாட்டை இன்வாய்ஸின் இரு பிரதிகளிலும் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். கிளைக்குக் கிளை சரக்கு மாற்றுவது வட்டார நிறுவனங்களில் அடிக்கடி நடப்பது, ஏனெனில் கிளைகள் அருகருகே இருக்கின்றன; தொலைபேசியில் கேட்டவுடன் பைக்கிலேயே இரண்டு பெட்டி அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பிய கிளை பற்று எழுதியும் பெற்ற கிளை வரவு வைக்காவிட்டால், சரக்கு எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடும். டிரான்ஸ்ஃபர் சீட்டு இல்லாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. மறுமுனையில் வரவு வைத்த எண்ணை வாங்கி அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேக் அடுக்கும்போது முதலில் வந்ததை முன்னால் வைத்தால் போதாது. பின்னர் வந்த பெட்டியின் காலாவதித் தேதி முந்தியதாக இருப்பதும் உண்டு என்பதால், தேதியைப் பார்த்தே வரிசைப்படுத்த வேண்டும். சலுகை முடிந்த மறுநாள், கடை திறக்குமுன் விலைச் சீட்டுகளை மாற்றிவிடுங்கள். ரேக்கில் ஒரு விலையும் பில்லில் வேறொரு விலையும் இருந்தால் வாடிக்கையாளர் கோபப்படுவது நியாயமே. வாதாடாமல் சீட்டைப் போய்ப் பார்த்து, மேலாளரின் அனுமதியுடன் அங்கேயே தீர்த்துவிடுவதுதான் முறை. கத்துகிற எல்லோரிடமும் பணிந்து போக வேண்டியதில்லை. தகாத சொல் வந்தால் மேற்பார்வையாளரை அழைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் அந்தப் பதவி.

ஏரியா மேனேஜர் வருகிறார் என்ற செய்தி வந்ததும் கடை முழுவதும் பரபரக்கும். நிறுவனரின் குடும்பத்தாரே முன்னறிவிப்பின்றி வந்து நிற்பதும் வட்டார நிறுவனங்களில் உண்டு. அப்படி வருபவர் உங்கள் மேலாளர் சொன்னதற்கு நேர்மாறான உத்தரவை இடக்கூடும்: முன்வரிசை டிஸ்ப்ளேயை இவர் கலைக்கச் சொல்வார், அவர் நேற்றுத்தான் அடுக்கச் சொல்லியிருப்பார். எதிர்த்துப் பேசாமல் செய்துவிட்டு, “இன்னார் இன்று இதை மாற்றச் சொன்னார்” என்று மேலாளருக்கு உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். விடுப்புக் கேட்பது, ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, கூடுதல் நேரம் வேலை பார்ப்பது ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

நாள் முழுவதும் நின்றபடி செய்யும் வேலை என்பதால், தடித்த அடியுள்ள, விரல்களை இறுக்காத காலணிக்குச் செலவிடத் தயங்காதீர்கள். பெட்டியை இடுப்பால் குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி, உடலோடு ஒட்டித் தூக்குங்கள்.

மேலே உயர விரும்புபவர், புதிய கிளை திறக்கும் பேச்சு எழும்போது தம் பெயரை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். கிளை பெருகும் காலத்தில்தான் மேற்பார்வையாளர் இடங்கள் காலியாகின்றன. அதற்குள் கவுண்டர், கோடவுன், கணக்கு முடிப்பு மூன்றையும் கற்றிருந்தால் மறுப்பது கடினம். விலகுவதாக இருந்தால், கடைசி நாளில் கல்லா, சாவி, சீருடை ஆகியவற்றை ஒப்படைத்ததற்கு எழுத்துமூலம் ஒப்புகை வாங்கி, உங்கள் கடவுச்சொல்லைக் கண்ணெதிரிலேயே முடக்கச் சொல்லிவிட்டு, பணி அனுபவச் சான்றிதழுடன் வெளியே வாருங்கள்.