பெரியப்பாவோடு வாட்ஸ்அப்பில் அரசியல் பேசுவது எப்படி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை மேய்ப்பவள் நான். பெரியப்பா அந்தக் காலத்து ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளைத் தலைவர். அத்தான் எதிர்முகாமான ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி). தம்பி மகன் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று சொல்லவே மாட்டான், ஆனால் எல்லாரையும் சீண்டுவான். குழு இன்னும் உடையவில்லை.

முதலில் சண்டையைச் சின்னதாக்குங்கள். "உங்க கட்சி இந்தியர்களுக்கு என்ன செஞ்சது?" என்று ஆரம்பித்தால் சுதந்திரம் கிடைத்த 1957-இலிருந்து விடியவிடிய ஓடும். "ஒன்னே ஒன்னு சொல்லுங்க, அதை மட்டும் பாப்போம்" என்று கேளுங்கள்.

அடுத்தது முக்கியம்: ஆதாரத்தைத் தேடுவதற்கு முன்பே, எதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று இருவரிடமும் கேட்டு வாங்கிவிடுங்கள். பதினெட்டு வயதில் ஓட்டுரிமை தந்தது யார் ஆட்சி என்று அத்தானும் பெரியப்பாவும் மோதினார்கள். "சட்டம் நிறைவேறிய நாளா, நடப்புக்கு வந்த நாளா?" என்றேன். திருத்தம் மக்களவையில் நிறைவேறியது 2019 ஜூலையில், அத்தானின் ஜ.செ.க. இருந்த பக்காத்தான் கூட்டணியின் ஆட்சியில். ஆதரவு 211, எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. எதிர்க்கட்சி வரிசையும் சேர்ந்துதான் ஆதரித்தது. நடப்புக்கு வந்தது 2021 டிசம்பர் 15, அப்போது பிரதமர் பெரியப்பா கட்சியின் கூட்டணிக்காரர் இஸ்மாயில் சப்ரி. தேதியைப் பிறகு கேட்டிருந்தால், ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அரசாங்கத்தின் செய்திச் சரிபார்ப்புத் தளமான செபெனார்ஞாவில் ஒருமுறை பாருங்கள். சர்ச்சையே அரசாங்கத்தைப் பற்றியது என்றால் அது போதாது. அரசாங்கத் தளத்தைக் காட்டினால் எதிராளி சிரிப்பார். யார் மக்களவையில் என்ன பேசினார் என்பதற்கு ஹன்சார்ட் என்ற அதிகாரப்பூர்வப் பதிவு இருக்கிறது. மலாயில்தான் இருக்கும், பெரியப்பாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

பெரியவர்கள் தப்பாக ஒன்றைப் போட்டால் குழுவில் திருத்தாதீர்கள். பேரப்பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எந்தப் பெரியப்பாவும் இறங்கிவர மாட்டார். போன் போடுங்கள், பசியாறினீங்களா என்று கேளுங்கள், பிறகு விஷயத்துக்கு வாருங்கள். திருத்தத்தை அவரே குழுவில் போடட்டும். "இப்பத்தான் விசாரிச்சேன், அது பழைய படமாம்" என்று அவர் எழுதினால், நீங்கள் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தம்பி மகன் சிரிக்கிற பொம்மை போடுவான். அவனுக்கும் தனியாக ஒரு போன்.

இனம், மதம், அரச குடும்பம் என்று பேச்சு திரும்பினால் மட்டும் பொறுமை காட்டாதீர்கள். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில், இணையத்தில் மோசமாகப் புண்படுத்தும் செய்தி பரப்புவதைக் குற்றமாக்கும் 233-ஆவது பிரிவு இருக்கிறது, போலீஸ் புகார் வரை போகும். அட்மின் எல்லாருக்குமாக அழிக்கலாம். அழித்துவிட்டு அப்புறம் காரணம் சொல்லுங்கள்.